வட்டம் போடாத வரிகள்

மும்பையில் சயான் கோலிவாடா பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பேத்தாலஜிஸ்டாக இருக்கிறேன். போன வருஷம் தாராவியிலிருந்து ஒரு பெண் வந்தார். பூர்வீகம் திருநெல்வேலி, கட்டியது சொந்த அத்தை மகனை, பத்தாவது வாரக் கர்ப்பம். நாலு வருஷமாக இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் 10.4ஐத் தாண்டவில்லை என்று சொல்லிக்கொண்டே ஒரு பை நிறைய பழைய ரிப்போர்ட்டுகளை மேசையில் கொட்டினார். எல்லாவற்றிலும் ஹீமோகுளோபினை மட்டும் யாரோ பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

வட்டம் போடாத வரிகளில்தான் விஷயம் இருந்தது. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 63. அது 80க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை 5.4 மில்லியன், தாராளமாகவே இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் அணு சிறுக்கும், கூடவே எண்ணிக்கையும் பெரும்பாலும் இறங்கும். இங்கே அணு சின்னது, எண்ணிக்கை அதிகம். 63ஐ 5.4ஆல் வகுத்தால் 11.7 வருகிறது. இது 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனரை, அதாவது ஹீமோகுளோபினைச் சரியாக உருவாக விடாத பரம்பரைப் பழுது அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருப்பதைச் சந்தேகிக்க வேண்டும், இதற்கு மென்ட்சர் குறியீடு என்று பெயர். சந்தேகம்தான், முடிவு இல்லை. முடிவுக்கு, ஹீமோகுளோபினை வகை வகையாகப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனை பார்த்தோம், ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 5.3 சதவீதம் வந்தது. 3.5க்கு மேல் போனாலே பீட்டா தலசீமியா கேரியர், அதாவது அந்தப் பழுதைச் சுமப்பவர் என்று எடுத்துக்கொள்கிறோம். (உண்மையிலேயே இரும்புச்சத்தும் குறைந்திருந்தால் இந்த ஏ2 கொஞ்சம் இறங்கிக் காட்டி ஏமாற்றும், அதனால் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்ப்பேன். ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் கேரியருக்கும் இரும்பு மாத்திரை தேவை, குறைவு இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் விழுங்குவது வீண்.)

கேரியராக இருப்பது நோய் இல்லை. லேசான சோகையோடு ஆயுசு முழுக்க நன்றாக வாழலாம். கணவனும் மனைவியும் இரண்டு பேருமே கேரியர் என்றால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பேரின் பழுதும் சேர்ந்து குழந்தை தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோயோடு பிறப்பதற்கு. பிறக்கும்போது ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கருவிலேயே உருவாகும் ஹீமோகுளோபினுக்கு, இந்தப் பழுதால் குறைந்துபோகும் பீட்டா சங்கிலி என்ற புரதப் பகுதி தேவையில்லை. அது ஓய்ந்து ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தை வெளுக்க ஆரம்பிக்கும். அப்புறம் இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியாமல் இருக்கத் தினமும் மருந்து வேண்டும். அந்தத் தாய்மாரை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கணவரைக் கூப்பிட்டோம். "எனக்கு என்ன டாக்டரம்மா, ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல" என்றார். கூட வந்த மாமியார், இது சிந்திக்காரர்களுக்கும் பஞ்சாபிகளுக்கும்தானே வரும் என்றார். அவர்களிடம் அதிகம் என்பது உண்மைதான், அதற்காக நமக்கு இல்லை என்று ஆகிவிடாது. அதுவும் சொந்தத்துக்குள்ளேயே கட்டும்போது, தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரே பழுது இரண்டு கிளை வழியாகவும் இறங்கி வந்து ஒரே குழந்தையிடம் சேரலாம்.

கணவருக்கும் ஏ2 5.1.

நேரம் குறைவாக இருந்தது. இரண்டு பேரின் டி.என்.ஏ.வையும் சோதித்ததில் ஒரே பழுது, இந்தியாவில் அதிகம் காணப்படும் ஐ.வி.எஸ். 1-5 என்ற மரபணு மாற்றம். எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த பிறகு, பன்னிரண்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து துளி எடுத்து அனுப்பினோம். முடிவு வரும்வரை அந்தப் பெண் சரியாகத் தூங்கவில்லை, எனக்கும் மனசு கேட்கவில்லை. குழந்தை பெற்றோரைப் போலவே கேரியர் மட்டும்தான்.

இந்த வருஷம் அதே மாமியார் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார், கல்யாணம் பேசியிருக்கிறதாம். மாப்பிள்ளை யார் என்றேன். மருமகளின் சொந்தத் தம்பியாம். பெண் எடுத்த வீட்டிலேயே பெண் கொடுக்கிறார்கள். அவரையும் வரவழைத்து இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்தேன். பையன் கேரியர். பெண்ணுக்கு எம்.சி.வி. 88, ஏ2 2.6, கேரியர் இல்லை. அதனால் இந்த ஜோடிக்குப் பிறக்கும் குழந்தைக்கு மேஜர் வரும் என்ற பயம் வேண்டாம், கேரியராக வேண்டுமானால் பிறக்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆவணியில் நிச்சயம் வைத்திருக்கிறார்கள்.