ஸ்ட்ரீக்: கீற்றா, உரைநிறமா?

ஹேமடைட் என்ற இரும்புத் தாதுக் கட்டி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தால் பல நேரம் எஃகு போலக் கருஞ்சாம்பலாக மின்னும். அதையே மெருகு பூசாத வெள்ளைப் பீங்கானில் ஓர் இழுப்பு இழுத்தால் செங்காவிக் கோடு விழும். ரத்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பேர் வந்த நியாயம் அப்போதுதான் புரியும். மேக்னடைட்டும் பார்வைக்குக் கருப்புதான். சேலம் கஞ்சமலையில் இருக்கும் இரும்புத் தாது இந்த ரகம். ஆனால் இதன் கோடும் கருப்பாகவே விழும். இரண்டையும் பிரித்துச் சொல்ல இந்த ஓர் இழுப்பே போதும்.

இப்படிப் பீங்கானில் படியும் தூளின் நிறம்தான் கனிமவியலில் 'ஸ்ட்ரீக்'. கட்டியின் நிறத்தை நம்பி இறங்க முடியாது; துளி மாசு கலந்தாலும் மாறிவிடும். ஃபுளோரைட் என்ற கனிமம் ஊதா, பச்சை, மஞ்சள் என்று வேஷம் போடும். உரசினால் எல்லாம் வெள்ளைத் தூள்.

ஸ்ட்ரீக் என்றால் ஆங்கிலத்தில் கோடு, பட்டை. ஜெர்மன் மொழியிலும் இதற்குக் கோடு என்று பொருள்படும் சொல்தான். தமிழில் அதைப் பார்த்து 'கீற்று' என்றும் 'கீற்றுவண்ணம்' என்றும் எழுதுகிறோம். தப்பில்லை. ஆனால் கீற்று என்றதும் தென்னங்கீற்றும் பூசணிக் கீற்றும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அதை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கனிமத்தின் கடினத்தன்மையைப் பார்ப்பது கீறல் சோதனை. அதில் கனிமத்தின் மேல் கீறல் விழுகிறதா என்று பார்க்கிறோம். இங்கே கனிமமே தேய்ந்து தூளாகிறது. கீறலும் கீற்றும் அடுத்தடுத்த பாடத்தில் வந்தால் படிக்கிற பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

'உரைநிறம்' என்பதே என் தேர்வு. உரைத்தல் என்றால் கல்லில் வைத்துத் தேய்த்தல். கைக்குழந்தைக்கு வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் கல்லில் நாலு இழைப்பு இழைத்துக் கொடுப்பதற்கு 'உரைமருந்து' என்றே பேர். ஆசாரி தங்கத்தை உரைகல்லில் உரசி, விழுந்த கோட்டைப் பார்த்து மாற்று, அதாவது தங்கத்தின் தரம், சொல்வார். 505ஆம் குறளில் வரும் 'கட்டளைக்கல்' இதுதான். உரை என்றால் பேச்சு, விளக்கம் என்றும் ஆகுமே என்று கேட்கலாம். சரி, உரைகல்லைப் பேசும் கல் என்று யாராவது நினைக்கிறார்களா?

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. உரசிப் பார்க்கும் பீங்கான் தட்டின் கடினத்தன்மை, கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் ஏறக்குறைய 7. அதைவிடக் கடினமான புஷ்பராகம், குருந்தம் போன்றவற்றைத் தேய்த்தால் உதிர்வது தட்டின் தூள்தான். அதைக் கல்லின் உரைநிறம் என்று எழுதிவிடக் கூடாது. மற்றபடி, தட்டு வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். வீட்டில் மிஞ்சிய வெள்ளை டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கம் போதும். பொன் மாதிரி பளபளக்கும் பைரைட் அதில் பச்சை கலந்த கருப்பாகக் கோடு போடும். அசல் தங்கம் மஞ்சளாகவே போடும்.