விளைவு மதிப்பீடு

“ரூ.8 கோடி மதிப்பீட்டில் புதிய பாலம், அமைச்சர் அடிக்கல் நாட்டினார்” என்ற வகைச் செய்தி இல்லாமல் நாளிதழ் வருவது அரிது. இங்கே மதிப்பீடு என்பது பொறியாளர் போட்ட செலவுக் கணக்கு. பொதுத்தேர்வு முடிந்ததும் அதே சொல் விடைத்தாள்களுக்குப் போய்விடும். நகைக்கடன் வாங்கப் போனால் வங்கியில் நகை மதிப்பீட்டாளர் இருப்பார். இத்தனை வேலை பார்க்கும் சொல்லின் தலையில்தான், ஒரு நலத்திட்டத்தாலோ வேலைவாய்ப்புத் திட்டத்தாலோ மக்களுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று கண்டறியும் துறையையும் ஏற்றிவைத்திருக்கிறோம். “திட்ட மதிப்பீடு” என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் முதலில் தோன்றுவது தொகைதான்.

சொல்லின் அமைப்பில் குறை ஒன்றும் இல்லை. மதித்தல் என்பதற்கு அளவிடுதல், கருதுதல், போற்றுதல் என்று பல பொருள்கள் உண்டு. மதிப்பு இடு என்பது மதிப்பிடு ஆகி, ‘இடு’ என்பதன் முதலெழுத்து நீண்டு மதிப்பீடு ஆயிற்று. கெடு கேடாவதும் பெறு பேறாவதும் போன்ற முதனிலை திரிந்த தொழிற்பெயர் இது. முதலீடும் வெளியீடும் இதே வார்ப்பு. ஆங்கிலத்தின் ‘எவால்யுவேஷன்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் ‘வலேரே’ என்னும் லத்தீன் வினை; வலுவோடு இருத்தல், விலை பெறுதல் என்று அதற்குப் பொருள்.

இந்தத் துறையின் மையச் சொல்லான ‘இம்பாக்ட் எவால்யுவேஷன்’ என்பதைப் பலரும் ‘தாக்க மதிப்பீடு’ என்று எழுதுகிறார்கள். லத்தீன் மூலத்திலும் மோதுதல் என்ற பொருள் இருப்பதால் சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அந்தப் பெயர் ஏற்கெனவே வேறிடத்தில் குடியேறிவிட்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, நிலம் கையகப்படுத்தலுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடு ஆகியவை எல்லாம் திட்டம் தொடங்குமுன் ‘என்ன நேரக்கூடும்’ என்று பார்ப்பவை. நாம் பேசுவதோ நடந்த திட்டத்தால் ‘என்ன நேர்ந்தது’ என்பதைப் பற்றி. ‘பயன் மதிப்பீடு’ என்றால், பயன் இருந்தது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகிவிடும். விளைவு நல்லதாகவும் இருக்கலாம், பக்கவிளைவாகவும் இருக்கலாம், ஒன்றும் விளையாமலும் போகலாம். அதனால் ‘விளைவு மதிப்பீடு’ என்பதே என் தேர்வு.

விளைவைக் கண்டறிவதில் அப்படி என்ன சிக்கல்? பயிற்சிக்கு முன் இவ்வளவு சம்பாதித்தார், பின் இவ்வளவு சம்பாதிக்கிறார், கழித்துப் பார்த்தால் போதாதா? போதாது என்று காட்டியவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஓர்லி ஆஷன்ஃபெல்டர். அரசின் தொழிற்பயிற்சியில் சேர்ந்தவர்களின் வருமானக் கணக்கை அவர் ஆராய்ந்து 1978இல் வெளியிட்டார். பயிற்சியில் சேர்வதற்குச் சற்று முன்பாக அவர்களின் வருமானம் சரிந்திருந்தது. வியப்பில்லை, வேலை போனவர்தானே பயிற்சி தேடி வருவார்? அந்தச் சரிவின் ஒரு பகுதி பயிற்சியே இல்லாவிட்டாலும் நேராகியிருக்கும். சரிவின் அடியிலிருந்து அளந்தால், தானாக மீண்டதையும் திட்டத்தின் சாதனைக் கணக்கில் எழுதிவிடுவோம். ‘ஆஷன்ஃபெல்டர் சரிவு’ என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நம் சாதனை மலர்களில் வரும் ‘அன்றும் இன்றும்’ படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவுதான்.

ஆகவே தேவைப்படுவது, திட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய நிலை. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரே ஆள் பயிற்சி பெற்றவராகவும் பெறாதவராகவும் இருக்க முடியாதே. மாற்று வழி, விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் போட்டுச் சிலரைச் சேர்த்து, மற்றவர்களோடு ஒப்பிடுவது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்கா தன் வேலைப் பயிற்சிக் கூட்டாண்மைச் சட்டத்தின் கீழ் நடந்த பயிற்சித் திட்டத்தை 16 இடங்களில், சுமார் 20,000 விண்ணப்பதாரர்களை வைத்து இப்படிச் சோதித்தது. வயது வந்தோரின் வருமானம் ஓரளவு கூடியிருந்தது. பள்ளியை விட்டு வெளியேறிய இளைஞர்களுக்கோ பலன் தெரியவில்லை. இளைஞர் பிரிவுக்கான நிதியை அந்நாட்டு நாடாளுமன்றம் பிற்பாடு பெருமளவு குறைத்தது. மதிப்பீட்டை அலமாரியில் வைக்காமல் படித்தார்கள் என்பது உண்மை. நிதியை வெட்டுவதற்குப் பதிலாகப் பயிற்சியை மாற்றியிருக்கலாமே என்ற கேள்வியும் நியாயமானதே.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்காக மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய ‘ப்ரோக்ரேசா’ உதவித்தொகைத் திட்டமும் இதே குலுக்கல் வழியில் சென்றது; ஆய்வுக்கு எடுத்த 506 ஊர்களில் 320இல் முதலில் தொடங்கி, 186 ஊர்களைச் சிறிது காலம் காக்கவைத்தது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், கூடினார்கள். 2000இல் ஆட்சி மாறியும் திட்டம் பிழைத்ததற்கு இந்தச் சான்றும் ஒரு காரணம்.

இந்தியாவுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய 1952ஆம் ஆண்டிலேயே, திட்டக்குழுவின் கீழ் மதிப்பீட்டுக்கென ஓர் அமைப்பு ஏற்பட்டது. ஆனாலும் நூறு நாள் வேலைத் திட்டம் பற்றிய அறிக்கைகளில் நாம் பெரும்பாலும் படித்தது எத்தனை மனித நாட்கள், எத்தனை கோடி ரூபாய் என்பதைத்தான். அவை வெளியீடுகள், அதாவது திட்டம் எவ்வளவு செய்தது என்ற கணக்கு; விளைவுகள் அல்ல. கிராமசபையில் நடக்கும் சமூகத் தணிக்கை இன்னொன்று: பட்டியலில் உள்ளவர் வேலைக்கு வந்தாரா, கூலி கைக்கு வந்ததா, குளம் உண்மையில் வெட்டப்பட்டதா என்று கேட்பது. தணிக்கை உருது வழி வந்த சொல் என்பார்கள். எப்படி வந்தாலும் வேலையைச் செவ்வனே செய்கிறது. ஆனால் கணக்கு நேராக இருந்து விளைவு இல்லாமல் போவதும், கணக்கில் ஓட்டை இருந்தும் விளைவு இருப்பதும் நடக்கக்கூடியவை.

கணக்கு வேறு, விளைவு வேறு என்பதற்கு நல்ல சான்று பிரிக்கப்படாத ஆந்திரத்திலிருந்து கிடைக்கிறது. நூறு நாள் வேலைக் கூலியைக் கைரேகை வைத்த அட்டை மூலம் வழங்கும் முறையை, 157 மண்டலங்களில் (அங்கே மாவட்டத்தின் உட்பிரிவுக்கு மண்டலம் என்று பெயர்) எங்கே முதலில் கொண்டுவருவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய ஆய்வுத் தோழர்களும் செய்த மதிப்பீட்டில், கூலி விரைவாக வந்ததும் பணம் இடைவழியில் கசிவது குறைந்ததும் தெரிந்தன. அதைவிட முக்கியமானது வேறு. ஏழைக் குடும்பங்களின் வருமான உயர்வில் பெரும்பங்கு திட்டக் கூலியிலிருந்து வரவில்லை; வெளிவேலைக் கூலி உயர்ந்ததால் வந்தது. நூறு நாள் வேலை ஒழுங்காகக் கிடைக்கும் ஊரில் நிலக்காரர் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்க முடியாதல்லவா? திட்டத்தின் பதிவேட்டை எவ்வளவு புரட்டினாலும் இந்தப் பணம் அதில் தென்படாது.

துணைச்சொல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குலுக்கலில் விடுபட்ட தரப்பைச் சிலர் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று எழுதுகிறார்கள். அதைப் படித்தால் ஏதோ அதிகாரிகள் கூடி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. ‘ஒப்பீட்டுக் குழு’ என்றால் யாருக்கும் புரியும்.