பாலாற்று மணலில் சக்கரம் சும்மா சுற்றினால்

தண்ணீர் ஓடாத நாட்களில் பாலாற்றில் இறங்கி அக்கரைக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். கரையோரம் கெட்டியாக இருந்த தரை நடு ஆற்றில் பொலபொலவென்று ஆகும், வண்டி திணறும், பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிப்போம், பின்சக்கரம் ஒன்று மணலை வாரி இறைத்துக்கொண்டே கீழே இறங்கிவிடும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், காலை எடுங்கள். மெதுவாக உருளும் டயர் மணலை அமுக்கி அதன் மேல் ஏறுகிறது, சும்மா சுற்றும் டயர் மண்வெட்டி மாதிரி தோண்டுகிறது. அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டால் டயரை அழுத்த வேண்டிய எடையை மணல் தாங்கிக்கொள்ளும், இருந்த கொஞ்சம் பிடிப்பும் போய்விடும்.

சரி, ஒரு சக்கரம் சுற்றும்போது மற்றது ஏன் அசையாமல் நிற்கிறது? இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல்தான் காரணம். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் என்பதால் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிறது, ஆனால் முறுக்கு விசையை மட்டும் இரண்டுக்கும் சமமாகவே கொடுக்கும். வழுக்கும் சக்கரம் எவ்வளவு குறைவாகத் தாங்குகிறதோ அவ்வளவுதான் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியிலும், டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக் இல்லையென்றால், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று பிடிப்பு இழந்தால் போதும், நின்றுவிடும்.

இதற்கு விடை வாலாஜா, ஆற்காடு பக்கத்து நெல் வயல்களிலேயே இருக்கிறது. டிராக்டரில் இடது வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதி உண்டு. சேற்றில் எந்தச் சக்கரம் சுற்றுகிறதோ அதை மட்டும் மெல்லப் பிடித்தால், அந்தப் பிரேக்கை எதிர்த்து எஞ்சின் தள்ள வேண்டியிருக்கும், அதே அளவு விசை அடுத்த சக்கரத்துக்கும் போய்ச் சேரும். டிஃபரன்ஷியல் லாக்கை மிதித்தால் இரண்டும் ஒரே அச்சாகிவிடும் (சக்கரம் வேகமாகச் சுற்றும்போது மிதிக்கக் கூடாது, திரும்பும் முன் விட்டுவிட வேண்டும்). இப்போது வரும் ஜீப்புகள் பலவற்றில் சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும் வேலையை எலக்ட்ரானிக்ஸ் பார்த்துக்கொள்கிறது. ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுத்தால் வண்டி வெளியே வரும் என்று பலர் சொல்வார்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் அது உதவாது, ஏனென்றால் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பிடிக்கிறது, கூடுதலாக வந்த விசையை நல்ல சக்கரத்தின் பிரேக்கே தின்றுவிடும். ஒரு சக்கரம் சும்மா சுற்றுவதை ஓரளவு தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் மட்டும் பலன் உண்டு.

மணலில் என்னைக் கேட்டால் முதல் மருந்து காற்றைக் குறைப்பதுதான். 30 பி.எஸ்.ஐ. இருக்கும் டயரை 16, 18க்கு இறக்கினால் தரையில் படியும் பகுதி நீளும், அதே எடை அதிக இடத்தில் பரவும், டயர் புதையாமல் மிதக்கும். அப்புறம் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மணலை அள்ளிவிட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள், அந்த மணல் ஏற்கெனவே அமுங்கியது.

ஜவ்வாது மலையின் மழைக்காலச் சேறு வேறு கதை. அங்கே டயரின் பள்ளங்களில் சேறு அடைத்து வழுவழுப்பாகிவிடும், கொஞ்சம் சுழலவிட்டால்தான் அது உதிரும், ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டினால் டயரின் ஓரக் கட்டைகள் புது மண்ணைக் கவ்வும்.

வெளியே வந்ததும் கெட்டித் தரை வரும்வரை நிறுத்தாதீர்கள், ஆனால் காற்றை நிரப்பாமல் பெங்களூர் ஹைவேயில் ஏறவும் வேண்டாம், காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.