ஸ்கேன் நார்மல் என்றால் நடிப்பு என்று அர்த்தமில்லை

போன வாரமும் ஒரு எம்.ஆர்.ஐ. ஃபிலிம் என் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்தவர் கணவர். மனைவி கதவுக் கைப்பிடியைச் சேலைத் தலைப்பால் பிடித்துத் திறந்துகொண்டு பின்னால் வந்தார். விரலிடுக்குகளில் தோல் வெளுத்து வெடித்திருந்தது. மணிக்கட்டு வரை சிவப்பு. "மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம், ரிப்போர்ட்லயே போட்டிருக்கு. இவளுக்குத்தான் பிடிவாதம்" என்றார் கணவர். கூடவே இன்னொரு தாள், ரத்தத்தில் செரட்டோனின் (மூளை நரம்புகள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம்) அளவு. அதுவும் நார்மல். யாரோ எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், இவர் கடன் வாங்கி எடுத்திருக்கிறார்.

இப்படி வருகிறவர்கள் நிறையப் பேர், ஊர்தான் மாறும். அதனால் இன்று கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இருப்பது ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய்: வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, கழுவியதையே கழுவவும் பார்த்ததையே பார்க்கவும் வைக்கும். அது மூளை சம்பந்தப்பட்டதுதான். ஆனால் அது ஸ்கேன் ரிப்போர்ட்டில் தெரியாது. இரண்டும் உண்மை. எம்.ஆர்.ஐ. எடுப்பது கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பு இதெல்லாம் இருக்கிறதா என்று பார்க்க. ஓசிடியில் பாகங்கள் அததன் இடத்தில் ஒழுங்காகவே இருக்கும். அவை ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்வதில்தான் சிக்கல். "அப்படியானால் யூடியூபில் மூளை சிவப்பாக எரிகிற படம் காட்டுகிறார்களே?" என்பார்கள். அது பெட் ஸ்கேன், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவது. 1987இல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் அப்படித்தான் பார்த்தார்கள்: கண்குழிக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதியும், ஆழத்தில் இருக்கும் காடேட் என்ற பகுதியும் ஓசிடி உள்ளவர்களிடம் கூடுதல் குளுக்கோஸை எரித்துக்கொண்டிருந்தன. அது பல பேரின் அளவுகளைச் சேர்த்து, நோயில்லாதவர்களோடு ஒப்பிட்டபோது தெரிந்த வித்தியாசம். உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியை மட்டும் படம் எடுத்து 'நோய் உண்டு, இல்லை' என்று சொல்லும் வசதி இன்றுவரை எந்த நாட்டிலும் கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாக ஆரம்பித்தால், வலிப்போ ஒரு பக்கம் பலவீனமோ சேர்ந்திருந்தால், நாங்களே ஸ்கேன் கேட்போம். மற்றபடி அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

முன்மூளை, காடேட், மூளையின் நடுவில் இருக்கும் தாலமஸ், மறுபடி முன்மூளை என்று ஒரு சுற்றுப்பாதை உண்டு. 'ஏதோ தப்பாகிவிட்டது' என்ற எச்சரிக்கை அதில்தான் ஓடும். வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். பஸ்ஸில் எல்லோரும் ஏறியாயிற்று, ஆனால் கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை என்றால் டிரைவர் என்ன செய்வார்? ஓசிடியில் அந்த விசில்தான் வருவதில்லை. கேஸ் ரெகுலேட்டரை மூடியது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரிகிறது, 'மூடியாச்சு' என்ற நிம்மதி மட்டும் வருவதில்லை. அதனால்தான் இவர்களிடம் "பார்த்தாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பதில் பலனில்லை. அந்தக் கேள்வியை உங்களுக்கு முன்பே அவர்கள் தங்களை ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது செரட்டோனின். உடம்பில் இருக்கும் செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருக்கிறது. ரத்தத்தில் வருவது பெரும்பாலும் அங்கே உற்பத்தியாகித் தட்டணுக்களில் ஏறிக்கொண்டது. அது மூளைக்குள் நுழையவும் முடியாது. அதை அளந்து ஓசிடியைப் பற்றி என்ன தெரிந்துகொள்வது? 1960களின் கடைசியில் க்ளோமிப்ரமின் என்ற மாத்திரை ஓசிடிக்குக் கேட்கிறது என்று தெரிந்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, செரட்டோனினை அவ்வளவாகத் தொடாத டெசிப்ரமின் கேட்கவில்லை. செரட்டோனின் பேச்சு அங்கிருந்து வலுத்ததுதான். மருந்து அந்த வழியாக வேலை செய்கிறது என்பதால் அதன் குறைவால்தான் நோய் வந்தது என்று ஆகிவிடாது. பாராசிட்டமால் குறைந்ததாலா காய்ச்சல் வருகிறது? 'கெமிக்கல் இம்பேலன்ஸ்', அதாவது மூளையில் ரசாயனம் ஏறுமாறு, என்று எங்கள் ஆட்களே சுருக்கமாகச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள், அதன் பலன்தான் இந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

பரம்பரைக்கும் பங்குண்டு. பெற்றோர், உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு ஓசிடி இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். சின்ன வயதிலேயே தொடங்கினால் இன்னும் கூடுதல். ஆனாலும் கட்டாயம் வரும் என்றில்லை. அதற்காகக் கல்யாணத்தை நிறுத்தாதீர்கள், மறைத்தும் செய்யாதீர்கள். தொண்டைப் புண்ணுக்குப் பிறகு திடீரென்று கை கழுவ ஆரம்பிக்கும் குழந்தைகளைப் பற்றி 1998இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சூசன் ஸ்வீடோ எழுதியதிலிருந்து இன்னும் விவாதம் நடக்கிறது. அப்படி ஒரே ராத்திரியில் மாறினால் குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

"மூளை நோய் என்றால் மாத்திரை போதுமே, பேசி என்ன ஆகப்போகிறது?" என்னை அதிகம் சோதிக்கும் கேள்வி இதுதான். இதே பாக்ஸ்டர் குழு 1992இல் இன்னொன்றும் செய்தது. சிலருக்கு ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மாத்திரை, சிலருக்கு மாத்திரையே இல்லாமல் நடத்தைச் சிகிச்சை மட்டும். இரண்டு பிரிவிலும் குணம் தெரிந்தவர்களுக்குக் காடேட் பகுதியின் வேகம் குறைந்திருந்தது. அழுக்கு என்று பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டு, கழுவாமல் உட்கார்ந்து, பதற்றம் தானாக இறங்கும்வரை காத்திருக்கும் பயிற்சி அது. வெளியே பார்த்தால் பேச்சும் பழக்கமும், நடப்பது மூளைக்குள். மாத்திரை மட்டும்தான் மூளையைத் தொடும் என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது.

சரி, மாத்திரை. மூன்று வாரத்தில் "கேக்கலை" என்று நிறுத்தாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்ஸெட்டின் 20 மில்லிகிராமில் சரியாகலாம். ஓசிடிக்கு 60, சிலருக்கு 80 வரை போக வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டோடு ஒப்பிட்டு "டோஸ் ஜாஸ்தி" என்று நீங்களே பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள். தூக்கத்துக்கென்று மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது ஓசிடிக்கான மருந்தே இல்லை.

வீட்டில் இருப்பவர்களே, குளியலறை வாசலில் நின்று எத்தனை சொம்பு என்று எண்ணிச் சொல்வது உதவி மாதிரித்தான் தெரியும். நோய்க்குத்தான் அது உதவி. ஒரே நாளில் நிறுத்திவிட்டு வீட்டில் ரகளை ஆக்கவும் வேண்டாம், எங்களோடு சேர்ந்து படிப்படியாகக் குறைக்கலாம்.

பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு மட்டும் திட்டாமல் ஒரு வார்த்தை. கத்தியைப் பார்த்தால் 'குழந்தையைக் குத்திவிடுவேனோ' என்ற எண்ணம் வந்து, பயந்துபோய் அடுப்படிக்கே போகாமல் இருப்பவர்கள் உண்டு. வெளியே சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று மாதக்கணக்கில் வாயே திறக்க மாட்டார்கள். வேண்டாத எண்ணம் எல்லோருக்கும் வரும். 1978இல் உளவியலாளர்கள் ராக்மனும் பத்மல் டி சில்வாவும் நோயில்லாதவர்களைக் கேட்டபோது பத்தில் எட்டுப் பேர் வருகிறது என்றார்கள். அந்த எண்ணத்தைக் கண்டு நீங்கள் நடுங்குகிறீர்கள், விலகி ஓடுகிறீர்கள். ஓசிடியின் அடையாளமே அதுதான். ஆனால் 'செய்துவிடு' என்று குரல் கேட்டாலோ, செய்வது சரி என்று தோன்றினாலோ, அது வேறு நோய், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மற்றவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள், அல்லது 14416க்குக் கூப்பிடுங்கள்; டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. பாலை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால், எங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.