ஒரே எடை, ஒரே முட்டை, தீவனம் மட்டும் ஏன் கூடுகிறது?

அடுத்தடுத்த கூண்டில் இரண்டு முட்டைக்கோழிகள். இரண்டும் ஒன்றரை கிலோ, இரண்டுமே 55 கிராமில் தினம் ஒரு முட்டை இடுகின்றன. ஆனால் ஒன்று 105 கிராம் தீவனம் தின்கிறது, இன்னொன்று 120 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 15 கிராம்தானே என்று விட முடியாது, பத்தாயிரம் கோழி உள்ள பண்ணையில் அது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 55 டன். முட்டை உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது.

சரி, கம்மியாகத் தின்னும் கோழியாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்தால் ஆயிற்றே? அப்படிச் செய்தால் சின்ன உடம்புக் கோழியும் முட்டை குறைந்த கோழியும்தான் கையில் மிஞ்சும். அதனால் உடல் எடை, அதில் ஏற்பட்ட ஏற்ற இறக்கம், இட்ட முட்டைகளின் மொத்த எடை இவற்றை வைத்து ஒரு கோழி எவ்வளவு தின்றிருக்க வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுவார்கள், அப்புறம் உண்மையில் தின்றதிலிருந்து அதைக் கழிப்பார்கள். அந்த மிச்சம்தான் விஷயம். அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் சிக்கனக்காரக் கோழி.

இந்த மிச்சம் பரம்பரையாக வருமா என்பதைப் பிரான்சின் இன்ரா ஆய்வு நிறுவனம் அழகாகக் காட்டியது. ரோட் ஐலண்ட் ரெட் இனத்தை எடுத்து, 1976 முதல் மிச்சம் கூடியவற்றை ஒரு வழியாகவும் குறைந்தவற்றை இன்னொரு வழியாகவும் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார்கள். இரண்டு வழிகளும் தீவனத்தில் வெகுதூரம் விலகிப் போயின. அதிகம் தின்ற கோழிகளின் கூடுதல் தீவனம் எங்கே போனது? கொழுப்பாகச் சேரவில்லை, சிக்கனக் கோழிகளுக்குத்தான் கொழுப்பு அதிகம். பெரும்பகுதி உடல் சூடாகவே வெளியேறியது, தின்ற பிறகு எழும் சூடு அவற்றுக்கு அதிகம். கொண்டையும் தாடியும்கூடப் பெரிதாகிவிட்டன. ரத்தம் ஓடும் அந்தத் தோல் வழியாகத்தான் கோழி சூட்டை வெளியே விடும். தீவனத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் முகமே மாறிப்போனது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது, சின்னச் சின்னத் தாக்கம் உள்ள பல மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை. அளப்பதும் லேசில்லை. தனிக்கூண்டு வேண்டும், அலகால் தள்ளிச் சிந்தும் தீவனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சேவலோ முட்டையே இடாது, அதன் தரத்தைச் சகோதரிகளையும் மகள்களையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. இப்போது குஞ்சிலேயே கொஞ்சம் ரத்தம் எடுத்து டிஎன்ஏவில் ஆயிரக்கணக்கான இடங்களைப் படித்து, அது வளர்வதற்கு முன்பே மதிப்பிட முடிகிறது.