கிரம்பிள் ஸோன் – கசங்கு பகுதி

மோதலின்போது திட்டமிட்டபடி மடிந்து, மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் காரின் முன்பகுதியும் பின்பகுதியும்தான் 'கிரம்பிள் ஸோன்'. நடுவில் ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் மடங்கவே கூடாது.

பேலா பாரேனி என்ற பொறியாளர் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தில் இருந்தபோது, 1951இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1959இல் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 111 காரில் இது நடைமுறைக்கு வந்தது. ஜெர்மன் பெயர் 'க்னாவுட்ஷ்ஸோன'. 'க்னாவுட்ஷென்' என்றால் துணியையோ தாளையோ கசக்குவது. 'ஸோன்' கிரேக்கத்தில் இடைக்கச்சையைக் குறித்த சொல்.

தமிழில் 'நொறுங்கு மண்டலம்' என்று எழுதத் தோன்றும். பொருந்தாது. அப்பளம் நொறுங்கும், கண்ணாடி நொறுங்கும். இங்கே எஃகு துண்டாகாமல் மடிப்பு மடிப்பாகச் சுருங்க வேண்டும். துண்டாகிவிட்டால் அது வாங்கும் ஆற்றல் சொற்பம். 'கசங்கு பகுதி' மூலத்துக்கும் வேலைக்கும் ஒத்துவருகிறது. சாண் கணக்கில் அளக்கும் இடத்துக்கு 'மண்டலம்' ரொம்பப் பெரிய சொல்.

சின்னக் காரில் அந்தச் சாண் கணக்குதான் சிக்கல். 56 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும் கார் 60 செ.மீ. கசங்கி நின்றால், சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பைப்போல் சுமார் 20 மடங்கு. 30 செ.மீ.தான் கசங்க இடம் உண்டென்றால் 40 மடங்கு. 60 கிலோ ஆளை பெல்ட் இழுத்துப் பிடிக்கும் விசை ஏறக்குறைய இரண்டரை டன்னுக்குப் போய்விடும். அதனால் பெல்ட்டிலேயே கொஞ்சம் தூரத்தைச் சம்பாதிக்கிறார்கள்: மோதிய கணத்தில் பிரீடென்ஷனர் தொய்வை இழுத்துவிடும், பிறகு லோடு லிமிட்டர் அளவாக நாடாவை விட்டுக்கொடுக்கும்.

இரண்டரை மீட்டரே நீளமுள்ள ஸ்மார்ட் ஃபோர்டூ, 'ட்ரிடியன்' என்ற கெட்டியான எஃகுக் கூட்டை நம்பியது. கூடு நெளியாமல் நின்றால், எதிரில் வரும் பெரிய காரின் கசங்கு பகுதியும் மடிந்து பங்கு வாங்கிக்கொள்ளும். 3 மீட்டருக்கும் குறைவான டொயோட்டா ஐக்யூவில் பின்சீட்டுக்குப் பின்னால் இடமே இல்லை. பின்கண்ணாடிக்கென்றே ஒரு ஏர்பேக் வைத்தார்கள். 2009இல் ஐரோப்பாவில் புதுக் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் சோதனையில் அது ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

எடை கூடினால் மைலேஜ் போகும். ஆகவே கூடு முழுவதையும் தடிப்பாக்குவதில்லை. கதவுத் தூண்கள் போன்ற சில இடங்களில் மட்டும் போரான் எஃகு: 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, அச்சுக்குள்ளேயே அழுத்திக் குளிர்விப்பார்கள். அதன் இழுவலிமை சுமார் 1,500 மெகாபாஸ்கல். சாதாரண தகட்டுக்கு 300 அளவில்தான். முன்னால் இருக்கும் சட்டங்களோ வேண்டுமென்றே மெலிவானவை. எங்கே மடிய வேண்டுமோ அங்கே சிறு பள்ளம் அழுத்தியிருப்பார்கள்.

இந்த ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்பில். கசங்கிய சட்டத்தை கேஸ் வைத்துச் சூடாக்கி, டிங்கரிங் செய்து நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகிவிடும். ஆனால் சூட்டில் எஃகின் வலிமை மாறி, அடுத்த மோதலில் வேறெங்கோ மடியும். பம்பருக்குப் பின்னால் போல்ட் போட்டிருக்கும், முதல் அடியை வாங்கி மடியும் கிராஷ் பாக்ஸை நிமிர்த்தாமல் புதிதாகவே மாற்ற வேண்டும். கம்பீரத்துக்காக மாட்டும் புல் பார் இன்னும் மோசம்: கிராஷ் பாக்ஸை ஒதுக்கிவிட்டு அடியை நேரே சட்டத்துக்குக் கடத்தும், ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பும்.