ஜன்னல் திரையைச் சாயாமல் பிடிக்கும் இரண்டு கயிறுகள்

ஜெர்மனியில் வசிக்கும் வாசகர் ஒருவர், பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கிய கதையை எழுதியிருக்கிறார். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய வண்டி. எஞ்சினில் குறையில்லை, ஜன்னல் திரைகள்தான் உயிரை எடுக்கின்றனவாம். படுக்கையருகே உள்ள திரையை மேலே ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தால், அடுத்த ஊர் வருவதற்குள் அது பாதி ஜன்னலுக்கு இறங்கிவிடுகிறது. சமையல் மேடைக்கு மேலுள்ள திரை இடது பக்கமாகத் தொங்குகிறது. பழுதுபார்க்கக் கொண்டுபோன இடத்தில், முழுச் சட்டத்தையும் மாற்றினால்தான் சரியாகும் என்று கைவிரித்துவிட்டார்கள். மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம். அவர் எழுதிய இரண்டு அறிகுறிகளை வைத்தே எது கெட்டது என்று சொல்லிவிடலாம். அதற்கு அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

மோட்டார்ஹோம் திரைகளில் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று, உருளையில் சுருண்டுகொள்ளும் திரை. உருளைக்குள் ஒரு சுருள்வில் இருக்கும். திரையை இழுக்கும்போது அது முறுக்கேறும், விட்டால் துணியைத் திரும்பச் சுற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஹார்ட்ஷோர்ன் 1864இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் வழிவந்ததுதான் இது. இந்த வகை சோம்பேறித்தனமாகச் சுற்றினால், உருளையின் முனையைக் கழற்றி, சுருள்வில்லுக்குச் சில சுற்று கூடுதலாக முறுக்கேற்றிப் பொருத்தினால் தீர்ந்தது. குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்திவைப்பவர்கள் திரையைச் சுருட்டிய நிலையிலேயே விட வேண்டும். மாதக்கணக்கில் முறுக்கேறிக் கிடக்கும் வில் தளர்ந்துபோகும்.

வாசகருடையது இரண்டாவது குலம். விசிறிபோல் மடிப்பு மடிப்பாக மடங்கும் துணி, அதன் விளிம்பில் குறுக்காக ஒரு பிடிச்சட்டம். அந்தச் சட்டத்தைப் பிடித்து ஏற்றலாம், இறக்கலாம், எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும். உருளையும் இல்லை, முறுக்கேறும் வில்லும் இல்லை. எது நிறுத்துகிறது? எனக்கு மிகவும் பிடித்த எந்திரங்களில் ஒன்று இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதில் இருப்பது இரண்டு மெல்லிய கயிறுகளும், அவற்றை இறுக்கிப் பிடிக்க நுனியில் குட்டிச் சுருள்விற்களும் மட்டுமே.

முதல் கயிறு ஜன்னல் சட்டத்தின் இடது மேல் மூலையில் தொடங்குகிறது. மடிப்புத் துணியின் துளைகள் வழியாகக் கீழே இறங்கி, பிடிச்சட்டத்தின் இடது முனைக்குள் நுழைகிறது. அங்கே செங்கோணமாகத் திரும்பி, சட்டத்துக்குள்ளேயே மறுகோடிவரை ஓடி, மறுபடி செங்கோணமாகத் திரும்பி, வலது கீழ் மூலையில் போய் முடிகிறது. இரண்டாவது கயிறு இதன் கண்ணாடி பிம்பம்: வலது மேல் மூலையில் தொடங்கி, சட்டத்துக்குள் எதிர்த்திசையில் ஓடி, இடது கீழ் மூலையில் முடியும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஜன்னலின் உயரம் 60 செ.மீ., அகலம் 80 செ.மீ. பிடிச்சட்டம் மேலிருந்து 20 செ.மீ. கீழே நிற்கிறது. முதல் கயிறு இடது பக்கம் 20, குறுக்காக 80, வலது பக்கம் கீழே 40 என்று மொத்தம் 140 செ.மீ. போகிறது. இப்போது சட்டத்தை 30க்கு இறக்குங்கள். 30, 80, 30. அதே 140. எந்த உயரத்தில் வைத்தாலும் கூட்டுத்தொகை மாறாது. ஒரு பக்கம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவும் மறுபக்கம் குறைகிறது.

இனி இடது முனையை மட்டும் 5 செ.மீ. அழுத்திப் பாருங்கள். 25, 80, 40. மொத்தம் 145. கயிற்றில் அந்த 5 செ.மீ. கிடையாது, அதனால் இடது முனை தனியாக இறங்க முடியாது. வலது முனை தனியாக இறங்கப் பார்த்தால் இரண்டாவது கயிறு இதே கணக்கைச் சொல்லி மறுக்கும். இறங்கினால் இரண்டு முனைகளும் சேர்ந்தே இறங்க வேண்டும். பழைய மேசை இழுப்பறையை ஒரு ஓரத்தில் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்கும் அல்லவா? இந்தத் திரையை எந்த மூலையில் பிடித்து இழுத்தாலும் கோணாது. கணினி வருவதற்கு முன் பொறியியல் வரைபடம் போட்டவர்களுக்கு இது பழக்கமான தந்திரம்தான். வரைபலகையில் மேலும் கீழும் நகரும் நீண்ட அளவுகோல் எப்போதும் கிடைமட்டமாகவே நகர்வதும் இதே குறுக்குக் கயிறுகளால்தான்.

சாயாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. நழுவாததற்கு? அது கயிறு திரும்பும் அந்த மூலைகளின் வேலை. ஒரு கயிறு வளைவில் உரசித் திரும்பும்போது, இரு பக்க இழுவிசைகளுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசத்தை அது தாங்கும் என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் கணக்கிட்டார். உரசும் பரப்புகள் எவ்வளவு பற்றிக்கொள்கின்றன என்று சொல்லும் எண்ணுக்கு உராய்வுக் குணகம் என்று பெயர். அதைத் திரும்பும் கோணத்தால் பெருக்கி, 2.718 என்ற எண்ணுக்கு அடுக்காகப் போட வேண்டும். நம் கயிறு இரண்டு செங்கோணம் திரும்புகிறது, அதாவது 180 பாகை, இந்தக் கணக்குக்கு வேண்டிய ரேடியன் என்ற கோண அலகில் 3.14. உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 2.6. ஒரு பக்கம் 10 நியூட்டன் இழுவிசை இருந்தால், மறுபக்கம் 26 நியூட்டனைத் தாண்டும்வரை கயிறு அசையாது. கையில் 16 நியூட்டன் இருப்பு. பிடிச்சட்டத்தின் எடையையும் சாலைக் குலுக்கலையும் அந்த இருப்புதான் தாங்குகிறது.

கயிறு நாளாக ஆக நீள்கிறது, அதன் நுனியில் உள்ள குட்டிச் சுருள்வில் சோர்கிறது. இழுவிசை 10லிருந்து 5 ஆனால் இருப்பும் 16லிருந்து 8 ஆகிவிடும். அப்போதுதான் திரை ஓடும் வண்டியில் நழுவத் தொடங்கும். நிறுத்திய வண்டியில் சமர்த்தாக நிற்கும் என்பதால் கடைக்காரரிடம் நிரூபிக்கவும் முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எது மக்கர் செய்தாலும் எண்ணெய் தெளிப்பது நம்மில் பலருக்கு ஒரு மதம். கதவுக்கு, பூட்டுக்கு, மின்விசிறிக்கு. பிறகு இந்தக் கயிற்றுக்கும். உராய்வுக் குணகம் அடுக்கில் அல்லவா உட்கார்ந்திருக்கிறது? எண்ணெய் பட்டு அது 0.3லிருந்து 0.1 ஆனால், 26 என்ற அந்த எண் 14 ஆகச் சரியும். இருப்பு 16லிருந்து 4. நழுவும் திரைக்கு எண்ணெய் விடுவது வியாதிக்கே தீனி போடுவது. உராய்வு என்றாலே ஒழிக்க வேண்டிய எதிரி என்று பள்ளியில் பாதிப் பாடத்தை மட்டும் நடத்திவிடுகிறோம். 1966இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் குழு, உராய்வையும் தேய்மானத்தையும் தனித்துறையாக வளர்க்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. இன்றும் விண்வெளிக்கு எளிதில் பணம் தேடலாம், கயிறு தேய்வதை ஆராய்கிறேன் என்று விண்ணப்பித்தால் சிரிப்பார்கள்.

சரி, வாசகரின் திரைகளுக்கு வருவோம். நழுவும் திரைக்குக் கயிற்றை இறுக்கினால் போதும். தொங்கும் திரையில் ஒரு கயிறு அறுந்திருக்கிறது. இடது முனை தொங்குவதால் அறுந்தது இடது மேல் மூலையில் தொடங்கும் கயிறு. பெரும்பாலும் சட்டத்துக்குள் நுழையும் துளையின் ஓரத்தில்தான் அறுந்திருக்கும். ஆய்லரின் கணக்கில் வளைவின் ஆரத்துக்கு வேலையே இல்லை, ஆனால் தேய்மானத்தில் உண்டு. வளைவு எவ்வளவு கூர்மையோ, கயிற்றின் மேல் அழுத்தம் அவ்வளவு அதிகம். துளையில் உள்ள பிளாஸ்டிக் வளையம் உடைந்திருந்தால் அதையும் மாற்றாமல் புதுக்கயிறு கோக்காதீர்கள்.

புதுக்கயிறு பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும், மோட்டார்ஹோம் ஜன்னலிலோ இரவெல்லாம் மூச்சுக்காற்றின் ஈரம் படிகிறது. பிரிப்பதற்கு முன் கயிறு போகும் பாதையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கயிற்றின் நுனியில் புதியதைத் தைத்து இழுத்தால் மடிப்புத் துளைகளில் தானே கோத்துக்கொள்ளும். முடிச்சுப் போடும்போது பிடிச்சட்டம் துல்லியமாகக் கிடைமட்டத்தில் இருக்க வேண்டும். சற்றே சாய்ந்த நிலையில் முடிச்சுப் போட்டுவிட்டால், கயிறுகள் அந்தச் சாய்வையும் எல்லா உயரத்திலும் இம்மி பிசகாமல் காப்பாற்றும். மிகவும் இறுக்கினால் ஜன்னல் சட்டம் உட்பக்கமாக வளையும். பிடிச்சட்டம் விட்ட இடத்தில் நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு சில மீட்டர் கயிறு. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. துணி துவைக்கும் எந்திரம், குளிர்பதனப் பெட்டி, கைபேசி எல்லாம் அதன் பட்டியலில் இருக்கின்றன, ஜன்னல் திரை இல்லை. கயிற்றையும் வளையத்தையும் தனியாக விற்க மனமில்லாமல் முழுச் சட்டத்தையும் தலையில் கட்டுவதைப் பகல் கொள்ளை என்றுதான் சொல்வேன்.

திரை சரியான மகிழ்ச்சியில், கோடை வெயிலில் அதை முழுதாக மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். இந்த வண்டிகளின் ஜன்னல் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, இரட்டை அக்ரிலிக் பலகை. திரைக்கும் பலகைக்கும் நடுவே சிக்கிய காற்று சூடேறினால் அக்ரிலிக் இளகி நெளிந்துவிடும். ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். நெளிந்த பலகையைக் கயிறு போட்டு நிமிர்த்த முடியாது.